பச்சைப் பெட்டி ஓடிய மூன்று நாட்கள்

போன மாதம் ஒரு கல்லூரியிலிருந்து சினிமா படிக்கும் பிள்ளைகள் சிலர், அஸ்தம்பட்டியில் இருக்கும் என் மகன் வீட்டுக்கு வந்தார்கள். சினிமாவைப் படிக்கவும் செய்யலாம் என்பதே எனக்குப் புதுச் செய்தி. எங்கள் காலத்தில் சினிமாவால் படிப்புப் போனவர்கள்தான் உண்டு. அதில் ஒரு பெண் செல்போனை என் வாய்க்கு நேரே நீட்டி, "தாத்தா, கதையை முன்பின்னாக் கலைச்சுச் சொல்ற படம் ஏதாவது அந்தக் காலத்துல ஓட்டியிருக்கீங்களா?" என்று கேட்டாள்.

நான் ஓட்டியதில் பாதி அப்படித்தான். பெரிய ஊர்களில் ஓடித் தேய்ந்து மூன்றாம் சுற்றுக்கு எங்களிடம் வந்து சேரும் பிரதியில் கல்யாணம் இருக்காது, குழந்தை இருக்கும். வில்லன் செத்த பிறகு ஒரு பாட்டுக்கு எழுந்து வந்து நிற்பான். ஜனங்களும் தாங்களாகவே ஒட்டுப்போட்டுப் புரிந்துகொண்டு, கொடுத்த காசுக்குச் சரியாய்ப் போனதா என்று பார்த்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். ஆனால் அவள் கேட்டது அதையல்ல. டைரக்டரே வேண்டுமென்று கலைத்துப் போட்ட படம். அப்படி ஒன்றே ஒன்றை ஓட்டியிருக்கிறேன். அதன் பெயர் 'பச்சைப் பெட்டி'. படம் கறுப்பு வெள்ளை.

எனக்குத் தொழில் வந்த கதை சின்னது. சேலத்தில் ஒரு தியேட்டரில் கார்பன் குச்சி எடுத்துக் கொடுக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். அந்தக் குச்சிகள் இரண்டும் முட்டிக்கொண்டு எரிகிற வெளிச்சத்தில்தான் அன்றைக்குப் படம் திரையில் விழும். சில வருடம் ரீல் சுற்றினேன், சில வருடம் திட்டு வாங்கினேன். லைசென்ஸ் பரீட்சைக்குப் போனபோது, கேபினில் நெருப்புப் பிடித்தால் முதலில் என்ன செய்வாய் என்று கேட்டார்கள். ஓடுவேன் என்று நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிவிட்டு மணல் வாளி என்றேன். பாஸ் போட்டார்கள். அதன் பிறகு நாமக்கல்லில் ஒரு தியேட்டருக்கு ஆப்ரேட்டராக வந்தேன். நாமக்கல் அப்போது சேலம் மாவட்டத்தில் ஒரு ஊர். கோழியும் லாரியும் இன்றைக்குப் போல் பெருகவில்லை. ஆனால் லாரிக்கு பாடி கட்டும் பட்டறைச் சத்தம் மட்டும் மேட்னி வசனத்துக்கு மேல் கேட்கும்.

அங்கே மேனேஜர் அர்த்தநாரி. திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர். தியேட்டரை அத்தனை வருடம் நடத்தியும் ஒரு படத்தைக்கூட முழுதாகப் பார்க்காத மனிதர். என் கேபினுக்கு ஏறும் படிக்கட்டுக்குக் கீழே அவருடைய அறை. சுவரில் சாய்ந்து, கண்ணை மூடி, உள்ளே இருக்கும் நாற்காலிகளின் சத்தத்தை மட்டும் கேட்பார். நாற்காலி முனகினால் படம் தேறாது. முனகாவிட்டால் ஒரு வாரம் நிச்சயம். பெரிய கம்பெனிப் படங்களுக்கே இப்படித்தான் தீர்ப்புச் சொன்னார், பெரும்பாலும் தப்பவில்லை. யாரையும் கை நீட்டிப் பேசமாட்டார். முகத்தைப் பார்க்காமல், மேசை மேல் இருக்கும் பேனாவைப் பார்த்துத்தான் திட்டுவார். அந்தப் பேனா வாங்கிய வசவுக்கு அது எப்போதோ வேலையை விட்டுப் போயிருக்க வேண்டும்.

அவருக்கு இரண்டு விஷயத்தில் பிடிவாதம். ஒன்று, போஸ்டர். போஸ்டர் ஒட்டும் மாரிமுத்துவுக்கு வீடு கோட்டைக்குப் பின்னால் ஒரு சந்தில். விடியற்காலையில் பசை வாளியும் சுருளுமாகக் கிளம்புவான். ஊரைச் சுற்றச் சோம்பல்பட்டு, தன் சந்திலேயே சுவர் சுவராக ஒட்டித் தீர்த்துவிட்டு, போய்ப் படுத்துக்கொள்வான். "சேலம் ரோட்டுல ஒரு போஸ்டரக் காணமே, ஏனப்பா?" என்று மேனேஜர் பேனாவைக் கேட்டால், "ஆடு தின்னு போட்டுதுங்க சார்" என்பான். நாமக்கல் ஆடுகள் அந்தக் காலத்தில் நன்றாகத்தான் தின்றன.

இன்னொன்று, ஆள் கூப்பிடும் ஸ்லைடு. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இது தெரியாது. படம் பார்க்க வந்தவர் வீட்டில் அவசரம் என்றால், வீட்டு ஆள் தியேட்டருக்கு ஓடிவந்து சொல்வார். நான் ஒரு துண்டுக் கண்ணாடியை மண்ணெண்ணெய் விளக்குப் புகையில் காட்டிக் கரி படியவைத்து, ஊசியால் பெயரைக் கீறி, ஸ்லைடு மெஷினில் சொருகுவேன். ஓடுகிற படத்தின் மேலேயே எழுத்து விழும்: 'இன்ன ஊர் இன்னார் உடனே வெளியே வரவும்.' ஹால் முழுக்க அமைதியாகிவிடும். எழுந்து போகிறவருக்குக் காலை மடக்கி வழி விடுவார்கள். ஏனென்றால் அர்த்தநாரி மூன்று காரணத்துக்குத்தான் அனுமதி கொடுப்பார்: சாவு, பிரசவம், நெருப்பு. இடம் பிடிக்கிறதுக்காக நல்ல சீட்டில் இருந்தவனை வெளியே வரவழைத்த கும்பல் ஒன்று முன்பு இருந்ததால் இந்தச் சட்டம். வாசகம் அவரே சொல்வார். தன் தமிழ் மேல் அவருக்கு நல்ல அபிப்பிராயம்.

அது எழுபதுகளின் கடைசி. ஒரு வெள்ளிக்கிழமை வர வேண்டிய பெரிய படத்தின் பெட்டி மெட்ராஸிலேயே நின்றுபோனது. ஓட்டையை அடைக்க ஏதாவது கிடைக்காதா என்று முதலாளி அலைந்தபோது, செல்வராஜ் என்று ஒருவர் தன் படப்பெட்டியோடு வந்து நின்றார். இளம்பிள்ளைக்காரர், தறி ஓட்டும் குடும்பம். மெட்ராஸில் கொஞ்ச நாள் யாரோ ஒரு டைரக்டருக்குப் பின்னால் சுற்றிவிட்டு, கம்பெனிகள் மிச்சம் வைத்த துண்டு பிலிமாக வாங்கிச் சேர்த்து, கூட்டாளிகளை நடிக்கவைத்து, தறிக் கொட்டகையிலும் பஸ்ஸிலும் எடுத்த காதல் படம். வேறு எந்த ஊரும் தொடவில்லை. மூன்று நாளைக்கு எடுத்துக்கொண்டோம்.

வெள்ளிக்கிழமை மேட்னி. முதல் ரீலில் கதாநாயகி ஒரு தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு புருஷன் வீட்டை விட்டுப் போகிறாள். சரி. அடுத்து அவர்களுக்குக் கல்யாணம் நடக்கிறது. முன் பெஞ்சில் முதல் விசில். அதற்கடுத்து அவள் புருஷனுக்காக வாசலில் காத்திருக்கிறாள், பிறகு இருவரும் கல்யாணத்துக்கு முன் யாருக்கும் தெரியாமல் கொல்லிமலைக்குப் போகிறார்கள். ஹால் கொதித்துவிட்டது.

"டேய் ஆப்ரேட்டரு, ரீல மாத்திப் போட்டுட்டயேடா."

"தண்ணியேத்திக்கிட்டு வந்துட்டானாட்ட இருக்குது."

எங்கள் தொழிலில் ரீல் மாற்றிப் போடுவதைவிடப் பெரிய அவமானம் இல்லை. பிலிம் எரிந்தால்கூட மெஷின் மேல் பழி போடலாம். நான் பெட்டி மேல் இருக்கும் எண்ணைப் பார்க்கிறேன், ரீல் எண்ணைப் பார்க்கிறேன், எல்லாம் வரிசைப்படிதான் இருக்கிறது. உடம்பு முழுக்கப் பற்றிக்கொண்டு வருகிறது எனக்கு. சாயங்காலம் டீக்கடையில் பாடி கட்டும் பட்டறை ஆசாரி ஒருவர் என் டம்ளரை வாங்கி முகர்ந்தே பார்த்துவிட்டார்.

சனிக்கிழமை காலை மேனேஜர் அறையில் பஞ்சாயத்து. செல்வராஜ் ஒரு ஓரமாக நின்றார். அர்த்தநாரி பேனாவிடம் சொன்னார்: "நாற்காலி முனகலப்பா, பேசியே போட்டுது. என்ற காதால கேட்டேன். கதைய ஒழுங்கா வரிசைப்படுத்தி ஓட்டச் சொல்லு."

எனக்கும் அதில் சந்தோஷம்தான். வெட்டி ஒட்டப் பசையும் கத்தரியும் இருக்கிறது, ஒரு காலைப் பொழுது போதும். என் மானம் திரும்பி வந்துவிடும்.

செல்வராஜ் அப்போதுதான் வாயைத் திறந்தார். "வரிசையா ஓட்டுனீங்கன்னா, கடைசில அவ பொட்டியத் தூக்கிட்டுப் போறதுதானுங்க வரும். அதுக்கு மேல என்றகிட்டயே கதை இல்லீங்க."

அவள் என்றால் படத்தில் வருகிறவள் அல்ல. அவருடைய மனைவி சரோஜா, நாமக்கல்லில் பிறந்த பெண். இரண்டு வீட்டையும் எதிர்த்துக் கட்டிக்கொண்டவர்கள். சினிமா கற்றுக்கொண்டு ஒரு மாதத்தில் வந்துவிடுகிறேன் என்று மெட்ராஸ் போனவர், ஒன்றரை வருடம் ஒரு கடுதாசிகூடப் போடாமல் இருந்துவிட்டு வந்திருக்கிறார். கோபமாக எழுதினால் என்ன செய்வது என்று பயந்து எழுதாமல் இருந்தாராம். இப்படி ஒரு புத்தி. வந்து பார்த்தால் வீடு பூட்டிக் கிடக்கிறது. அவள் பெட்டியோடு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். அண்ணன் லாரி பட்டறை முதலாளி, கையில் எப்போதும் சுத்தியல் இருக்கும். வாசலை மிதித்தால் காலை முறித்துவிடுவதாகச் சொல்லியனுப்பியிருந்தார்.

"ஞாயித்துக்கெழம சாயந்தரம் பெரியவங்க கூடி எங்க கல்யாணத்தத் தீத்து உட்டுருவாங்க. அதுக்குள்ளாற அவ ஒரு தடவ பாத்துரோணுமுங்க. நாங்க மொத மொதல்ல பாத்துக்கிட்டதுல படம் முடியோணுமுங்க. அதுக்குத்தான் இப்படி எடுத்தேன்" என்றார்.

"வந்து பாருன்னு சொல்லியுட்டீங்களா?" என்று கேட்டேன்.

"யாரு மூலமாங்க சொல்லியுடறது? அந்தச் சுத்தியலத் தாண்டி ஈ எறும்பு போகாதுங்க."

எனக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. ஒரு கடுதாசிக்குச் சோம்பல்பட்ட மனிதன் ஒரு முழுப் படமே எடுத்து வைத்திருக்கிறான். அதையும் அவளுக்குச் சொல்ல வழி இல்லை.

அர்த்தநாரி பேனாவைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். பிறகு, "கத்தரி வேண்டாம். சிலைடு போடு. ஜனத்துக்கு வெவரம் தெரிஞ்சாச் சத்தம் போடாது" என்றார். வாசகங்களை அவரே சொல்லச் சொல்ல நான் கரிக் கண்ணாடியில் கீறினேன். முதலாவது: 'ரசிகப் பெருமக்களுக்கு அறிவிப்பு. இப்போது காண்பது முன்னரே நடந்தது.' இரண்டாவது: 'இது அதற்கும் முன்னர் நடந்தது. பொறுமை காக்கவும்.' மூன்றாவது ஸ்லைடை நான் கேட்காமலே சொன்னார்: 'ரீல்கள் வரிசைப்படியே உள்ளன. ஆப்ரேட்டர் மது அருந்தவில்லை. இங்ஙனம், நிர்வாகம்.'

சனிக்கிழமை ஜனம் சிரித்தது. ஆனால் நாற்காலி முனகல் குறைந்தது. கொல்லிமலைக் காட்சியில் எழுத்து விழுந்ததும் பெஞ்சில் ஒருத்தர், "அட, இது கட்டிக்கறதுக்கு முந்தியா, அதான் சிரிச்சுக்கிட்டுப் போறாங்க" என்று பக்கத்து ஆளுக்கு விளக்கம் சொன்னது கேபின் வரை கேட்டது. செல்வராஜ் கடைசி வரிசையில் உட்கார்ந்து பெண்கள் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வரவில்லை. அன்றைக்கு மேனேஜர் மாரிமுத்துவையும் பிடித்துக்கொண்டார். 'பச்சைப் பெட்டி' போஸ்டர் சேலம் ரோட்டில் ஒன்றுகூட இல்லை, பஸ் ஸ்டாண்டில் இல்லை. "ஆடுங்க சார்" என்றான் அவன்.

ஞாயிற்றுக்கிழமை மேட்னிதான் கடைசி வாய்ப்பு. அதற்கு மேல் போனால் பெரியவர்கள் கூடிவிடுவார்கள். செல்வராஜுக்குப் பெண்கள் பக்கம் பார்க்கவே தெம்பில்லை. போய் முன் பெஞ்சில், என் டம்ளரை முகர்ந்த அந்த ஆசாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். இடைவேளை முடிந்து ரொம்ப நேரம் ஆகியிருந்தது. கடைசி ரீலை மெஷினில் ஏற்றத் தயாராகிறேன், படிக்கட்டில் காலடிச் சத்தம். ஒரு பெண் ஏறி வருகிறாள். எங்கள் கேபினுக்குப் பெண்கள் வந்ததே இல்லை. அவளுக்குப் பின்னால், தடுக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் அர்த்தநாரி.

"ஏனுங்க, ஆளக் கூப்புடறதுக்கு சிலைடு போடுவீங்களே, ஒண்ணு போடோணுமுங்க" என்றாள்.

"பேரு?" என்றார் மேனேஜர், வழக்கம் மாறாமல்.

"எளம்பிள்ளை செல்வராசு."

அவள்தான் சரோஜா என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது, கையில் இருந்த ரீலைக் கீழே வைத்தேன். மேனேஜர் மட்டும் அசையவில்லை. "காரணம் சொல்லோணும்மா. சாவா, பிரசவமா, நெருப்பா?"

"அந்த மூணும் இல்லீங்க. ஊட்டுக்குப் போறதுக்கு."

"எந்த ஊட்டுக்கு?"

"அத அவருகிட்டச் சொல்லிக்கறனுங்க."

சட்டத்தில் அதற்கு இடமில்லை. அர்த்தநாரி அன்றைக்குப் பேனாவைக் கொண்டுவரவில்லை, அதனால் பார்க்க ஒன்றும் இல்லாமல் என்னைப் பார்த்தார். நான் அவளிடம், "இன்னும் ஒரு ரீல் இருக்குதும்மா. அதுக்காகத்தான் அவரு இத்தன பாடும் பட்டாரு. அதப் பாத்துட்டுப் பேசுங்களேன்" என்றேன்.

"இத்தன நேரம் பொம்பளைங்க பக்கம் உக்காந்து பாத்துட்டுத்தானுங்க வாரேன். மிச்சத்துல என்ன வருதுன்னு எனக்குத் தெரியுமுங்க. சேலம் பஸ் ஸ்டாண்டுல, இது எளம்பிள்ளை போற பஸ்ஸுங்களான்னு கேப்பாரு. இல்லீங்க, நாமக்கல் போறதுன்னு நான் சொல்லுவேன். தெரிஞ்சும் ஏறி உக்காந்துக்குவாரு. அன்னிக்கு நானும் அங்கதானுங்க இருந்தேன்."

அப்படியானால் படம்தான் அவள் மனதை மாற்றிவிட்டது என்று நினைத்து, அதையே கேட்டும் விட்டேன்.

"படமுங்களா? பொட்டிய நான் இங்க வாரதுக்கு முன்னாடியே கட்டிட்டேன். கீழ சைக்கிள் ஸ்டாண்டுல இருக்குது. கோட்டைக்குப் பின்னாடி எங்க சந்துல மூணு நாளா செவுரு பூரா போஸ்டருங்க. எங்கண்ணன் கிழிக்கக் கிழிக்க மறுக்கா ஒட்டிக் கெடக்குது. ஒன்றரை வருசம் ஒரு கடுதாசி போடாத மனுசன், செவுத்த உடமாட்டங்கறாரேன்னுதான் கெளம்பிட்டேன்."

நானும் மேனேஜரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்தப் போஸ்டருக்கும் செல்வராஜுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. தன் வாழ்நாளில் ஒரு டிக்கெட்டுக்குக்கூடப் பொய் சொல்லாத அர்த்தநாரி தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"ஆமாம்மா. அவருதான் ஒட்டச் சொன்னாரு. தெனமும் வந்து நின்னு சொன்னாரு" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "போடப்பா" என்றார்.

போட்டேன். 'இளம்பிள்ளை செல்வராஜ் உடனே வெளியே வரவும்.' ஹால் அமைதியானது. முன் பெஞ்சில் அந்த மனிதர் எழுந்து நின்றதும், ஐயோ பாவம் என்று ஒரு முணுமுணுப்பு ஓடியது. ஆசாரி தன் துண்டை எடுத்து அவர் தோளில் போட்டு, கையைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தார். கேபினுக்கு வெளிப்பக்கம் ஒரு ஜன்னல் உண்டு. அது வழியாகக் கடைசி ரீலை ஏற்றிய கையோடு எட்டிப் பார்த்தேன். வாசலில் பச்சைத் தகரப் பெட்டி, பக்கத்தில் சரோஜா. செல்வராஜ் சிலை மாதிரி நிற்கிறார்.

"தைரியமா இருங்க. யாருங்கம்மா தவறுனது?" என்று ஆசாரி கேட்டார்.

"யாரும் தவறுலீங்க. நீங்க போயி மிச்சப் படத்தப் பாருங்க" என்றாள்.

அவர் துண்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு உள்ளே போனார். செல்வராஜ் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்தார். இருவரும் பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடந்தார்கள். அவர்கள் மறையும் வரை பார்த்துக்கொண்டே நின்றேன். அதனால் அடுத்த மெஷினுக்கு மாறச் சொல்லித் திரையின் மூலையில் வரும் புள்ளியைத் தவறவிட்டேன், திரை ஒரு நொடி வெள்ளையாக நின்றது. மூன்று நாளில் முதல்முறையாக நான் செய்த தப்பு, யாருமே சத்தம் போடவில்லை. சேலம் பஸ் ஸ்டாண்டில் கதாநாயகன் தெரிந்தே தப்பான பஸ்ஸில் ஏறியபோது பெஞ்சு முழுக்க விசில். தன் படத்துக்குக் கிடைத்த ஒரே பாராட்டு விசிலைச் செல்வராஜ் கேட்கவில்லை.

படத்தை அதன் பிறகு யாரும் எடுக்கவில்லை. அவரும் வேறு படம் எடுக்கவில்லை, தறிக்கே திரும்பிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். சில வருடம் கழித்து, டிவி வந்து எங்கள் கூட்டம் குறையத் தொடங்கிய காலத்தில், ஒரு மேட்னிக்கு அவரும் சரோஜாவும் பிள்ளைகளோடு வந்தார்கள். "எம்படத்தப் பாத்துத்தானுங்க ஊட்டுக்கு வந்தா" என்று பெருமையாக என்னிடம் சொல்லிவிட்டுக் கடலை வாங்கப் போனார்.

அவர் நகர்ந்ததும் சரோஜா, "போஸ்டரு ஒட்டற மாரிமுத்து இன்னும் இருக்கறாருங்களா?" என்று கேட்டாள்.

"இருக்கறானுங்க. ஏனுங்க, உங்களுக்கு அவனத் தெரியுமா?"

"எங்க சந்துதானுங்களே. ஊரச் சுத்தறதுக்குச் சோம்பப்பட்டுக்கிட்டு எல்லாப் போஸ்டரையும் எங்க செவுத்துலயே ஒட்டிப்போட்டுப் படுத்துக்குவாரு. நான் சின்னப்புள்ளைல இருந்தே பாத்துட்டுத்தான இருக்கறேன்."

"அப்பறம் ஏனுங்க அன்னிக்கு எங்ககிட்ட அப்பிடிச் சொன்னீங்க?"

"வாரதுன்னு முடிவு பண்ணிட்டேன். அதுக்கு ஒரு சாக்கு வேணுமில்லீங்க" என்றாள்.

செல்வராஜ் கடலைப் பொட்டலங்களோடு திரும்பி வந்தார். பெல் அடித்தது. நான் மேலே போய்ப் படத்தைப் போட்டேன்.